வாய்விட்டுப் படித்தால்தான் கேட்கும்: கம்பனின் ஒரு பாடல்

வணக்கம். கம்பராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில், சூர்ப்பணகை தன் அரக்கி வடிவத்தை மறைத்துக்கொண்டு, அழகிய பெண்ணாக இராமன் முன்னே நடந்து வருகிறாள். அந்த நடையைச் சொல்லும் பாடலை இன்று நாம் வாய்விட்டுப் படிக்கப் போகிறோம். பொருள் உடனே விளங்காவிட்டாலும் பரவாயில்லை. முதல் முறை ஒலியை மட்டும் கேளுங்கள்.

(திரையில் பாடல், நிதானமான வாசிப்பு)

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிமிர் சீறடியள் ஆகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்.

‘ஞ்ச’ என்னும் ஒலி இந்த நான்கு அடிகளில் எட்டு இடங்களில் வருகிறது. சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்புகளில் மூன்றாம் அடி ‘அம் சொல்’ என்று தொடங்கும். பொருள் புரிய அது உதவும் என்றாலும், மற்ற மூன்று அடிகளோடு அந்த அடியைச் சேர்த்துக் கட்டும் எதுகை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. ‘அஞ்சொல்’ என்று நாவால் சொல்லும்போதுதான் பஞ்சி, செஞ்செ, அஞ்சொ, வஞ்சி என்று நான்கும் ஒரே சரத்தில் கோத்த மணிகளாகக் காதில் விழுகின்றன.

இப்போது தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டு கடைசி அடியை மட்டும் சொல்லுங்கள். தந்ததன தந்ததன தந்ததன தந்தா. அது காற்சிலம்பு ஒலிக்க ஒருத்தி நடந்து வரும் தாளம்.

(திரையில் கடைசி அடி மட்டும்)

பொருளுக்கு வருவோம். செம்பஞ்சும் குளிர்ந்த தளிரும் தோற்று வருந்தும்படியான, செந்தாமரை போன்ற சிறிய பாதங்களை உடையவளாகி, இனிய சொல் பேசும் இளமயிலைப் போலவும், அன்னத்தைப் போலவும், மின்னுகிற வஞ்சிக்கொடியைப் போலவும், நஞ்சைப் போலவும் அந்த வஞ்சமகள் வந்தாள். மயில், அன்னம், கொடி என்று அழகழகாக வந்த உவமைகளின் வரிசையில் நஞ்சும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். ‘வஞ்சியென’ என்பதற்கும் ‘நஞ்சமென’ என்பதற்கும் தாளம் ஒன்றே, எதுகையும் ஒன்றே. ஆகவே குரல் கொடியிலிருந்து நஞ்சுக்குத் தடுமாறாமல் வழுக்கிச் செல்கிறது. சூர்ப்பணகை இராமனிடம் செய்ய நினைத்ததைக் கம்பன் நம் காதிலேயே செய்துகாட்டிவிடுகிறான். மனத்துக்குள் படித்துக் கடந்தபோதெல்லாம் இதை நான் தவறவிட்டேன் என்பதே உண்மை.

நம் பழைய பாடல்கள் காதை நம்பியே எழுதப்பட்டவை. ஓலைச்சுவடியில் சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது; பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இராது. எங்கே ஒரு சொல் முடிகிறது என்பதை, படிப்பவர் குரலில் ஓட்டிப் பார்த்தே பிரித்தறிய வேண்டியிருந்தது. எழுத்தின் அளவைச் சொல்லும் தொல்காப்பியமும் அதைக் கண்ணிமைக்கும் நேரத்தாலும் விரல் நொடிக்கும் நேரத்தாலும்தான் அளக்கிறது.

சேர்ந்து படிக்கும் இன்பத்தைப் பேசும்போது ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரை விட்டுவிட முடியாது. திருநெல்வேலியில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், நண்பர்கள் கூடிக் கவிதை படித்தார்கள்; அந்தக் கூட்டத்துக்கே ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் வந்தது. ஒரு பாடலை எடுத்தால் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அதன் உணர்ச்சி கேட்பவரைத் தொடும்வரை அவர் விடமாட்டார். கம்பன் பாடல்களில் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கவிதையைப் படித்துக் காட்டுவதே அதற்குச் சிறந்த உரை என்று அவர் நடத்திக் காட்டியதற்கு நான் என்றும் கடன்பட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் கேட்க உட்கார்ந்தால் போதும். தொடங்குவதற்குக் குறுந்தொகையின் 40ஆம் பாடலைச் சொல்வேன், ஐந்தே அடிகள்.

(திரையில் பாடல்)

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

மற்ற அடிகளில் நான்கு சீர்கள் இருக்க, நான்காம் அடியில் மட்டும் மூன்றே சீர்கள். கடைசிக்கு முந்தைய அடி இப்படிக் குறைவது, நேரிசை ஆசிரியப்பா என்னும் பாவகையின் இலக்கணம் என்று நான் படித்திருந்தேன். ஒருநாள் மாலை என் அத்தைக்கு இதைப் படித்துக் காட்டியபோது, ‘போல’ என்ற இடத்தில் அடி குறைந்து குரல் தானாகவே நின்றது. பயறு ஆய்ந்துகொண்டிருந்த அவர் கையும் முறத்தின் மேல் நின்றது. யாப்பிலக்கணம் எதுவும் படித்திராத அத்தை, செம்மண்ணில் மழை விழுந்து நிறம் மாறுவதற்கு அந்த நேரம் வேண்டும் என்றார். பிறகு முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “இன்னொரு தரம் சொல்லும்மா, அந்த மழைத்தண்ணி இடத்துல இருந்து” என்றார்.