கூலன்ட் எந்த வழியாகப் போகிறது? பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவில் கசிவைத் தேடுவோம்

வணக்கம் நண்பர்களே. பானெட் திறந்திருக்கிறது, எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கிறது, கையில் பிரஷர் டெஸ்டர், அதாவது அழுத்தம் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்கும் கைப்பம்ப், தயாராக இருக்கிறது. இந்தப் பழைய டீசல் வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எந்த வழியாக வெளியே போகிறது என்று இன்றைக்குக் கண்டுபிடிக்கப் போகிறோம்.

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டரில் அளவு மெதுவாகக் குறைகிறது. கேமராவைக் கீழே கொண்டு போகிறேன், பாருங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம், பெல் ஹவுசிங். அதன் அடியில் ஒரு சொட்டு தொங்குகிறது. இங்கே கூலன்ட் தெரிந்தால் பலரும் சொல்வது, எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்துக் கோர் பிளக், அதாவது துளையை அடைக்கும் தகட்டு மூடி, துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்றுதான். அதுதான் காரணம் என்றால் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். பெரிய வேலை. ஆனால் சொட்டு விழும் இடத்தை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு நான் வர மாட்டேன். நீங்களும் வராதீர்கள். ஓடும்போது ஃபேன் காற்று ஈரத்தைப் பின்னால் தள்ளும். சேற்றுப் படலத்துக்கு அடியில் அது ஊர்ந்து போகும். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் சொட்டும் இடமே மாறிவிடும். கசிவு எப்போதும் நாம் பார்க்கும் ஈரத்துக்கு மேலேயோ முன்னாலேயோதான் இருக்கும்.

அதனால் நான் முதலில் கேட்பது எப்போது கசிகிறது என்பதைத்தான். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதா, சூடாக ஓடும்போதா, நிறுத்திய உடனேயா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும். ஆறியபின் கசிந்தால் ஹோஸ் இணைப்புகள்மேல்தான் சந்தேகம். ரப்பரும் இரும்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. குளிரில், ஹோஸை இறுக்கும் வளையமான கிளாம்ப்பின் பிடி தளர்ந்து வழி விடும், சூடானதும் அதுவே அடைபட்டுப் போகும். ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் வரை, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு வரை யோசிக்க வேண்டும். நிறுத்தியதும் சொட்டினால் வாட்டர் பம்பையும் மூடியையும் பாருங்கள். எஞ்சின் நின்றவுடன் ஓட்டம் நின்றுபோகிறது, ஹெட்டில் இருக்கும் சூடு கூலன்ட்டுக்குள் இறங்கி அழுத்தம் கொஞ்ச நேரம் ஏறும்.

இன்னொன்று, சூடான இடத்தில் கசியும் கூலன்ட் தரைக்கு வந்தே சேராது. அங்கேயே ஆவியாகி, வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ ஒரு உப்புப் பொருக்கை விட்டுப் போகும். ஈரத்தைத் தேடும்போது அந்தப் பொருக்கையும் சேர்த்துத் தேடுங்கள்.

சரி, ரேடியேட்டர் மூடிக்கு வருவோம். எஞ்சின் சூடாக இருக்கும்போது இதில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலேயும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், கொதித்து ஆவியாக முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா, அமுக்கினால் மெத்தென்று இருக்கிறதா, அதற்கப்புறம் திறக்கலாம்.

மூடியின் தலையில், எந்த அழுத்தம் வரை பிடித்து வைக்கும் என்ற எண் பொறித்திருக்கும். 0.9 பார், 1.1 பார், அல்லது 13, 16 என்று பிஎஸ்ஐ கணக்கில். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பாருங்கள். நடுவில் இருக்கும் இந்தச் சின்ன வால்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும், அப்போது இந்த வால்வு திறந்து, பக்கத்துப் பாட்டிலிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப இழுக்கும். இது ஒட்டிக்கொண்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். காலையில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருந்தால் அதுவே அடையாளம். பாட்டிலை மட்டும் பார்த்து அளவு சரி என்று கிளம்பிவிடாதீர்கள். இதுபோன்ற பழைய வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே பார்ப்பதுதான் நம்பகமானது.

இந்த மூடி நன்றாகவே இருக்கிறது. இனி டெஸ்டரைப் பொருத்துகிறேன். அதற்கு முன், கூலன்ட்டின் சூட்டில் வேலை செய்யும் கேபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கிறேன். பழைய வண்டிகள் பலவற்றில் ஹீட்டருக்குத் தனி வால்வு உண்டு. அது மூடியிருந்தால் ஹீட்டர் பக்கம் முழு அழுத்தம் போய்ச் சேராமல் சோதனை பொய்யாகிவிடலாம்.

பம்ப் செய்கிறேன். மூடியில் இருக்கும் 0.9 பார் வரைதான், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. வயதான ரேடியேட்டரை நாமே கிழித்துவிடுவோம்.

முள் நிற்கிறதா பார்ப்பதற்குள் மற்ற இடங்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம். வாட்டர் பம்பின் அடியில் இந்தச் சின்னத் துளை தெரிகிறதா? உள்ளே சீல் தேய்ந்தால் பேரிங்குக்குள் போகாமல் கூலன்ட் இந்த வழியாக வெளியே வரும். லேசான கறை பரவாயில்லை, சொட்டினால் பம்ப் முடிந்தது. லேண்ட் ரோவரின் 300 டிடிஐ எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பம்ப் உட்காரும் ஹவுசிங்குக்கும் பிளாக்குக்கும் இடையில் 'பி' வடிவக் கேஸ்கெட் ஒன்று உண்டு. அது கசிந்தால் பம்ப் கசிவது போலவே தெரியும். நல்ல பம்பை மாற்றிவிட்டு அதே ஈரத்தை மறுபடி பார்க்க நேரும்.

ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால், அலுமினியத்தோடு அது மடித்துச் சேர்த்த விளிம்பைப் பாருங்கள். எஞ்சின் மவுண்ட் தளர்ந்திருந்தால் கரடுமுரடான பாதையில் எஞ்சின் ஆடும், ஃபேன் உரசும், ஹோஸ் எங்காவது தேயும். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் ஃபேன் இறக்கை முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கீறியிருக்கலாம். பின் சீட்டுக்குத் தனி ஹீட்டர் இருக்கும் வண்டிகளில் அடியில் நீளமாக ஓடும் குழாய்கள் துருப்பிடிக்கும், அவற்றையும் விடாதீர்கள். உள்ளே ஹீட்டர் கசிந்தால் தரைவிரிப்பு நனையும், முன் கண்ணாடி பனி படர்ந்தது போல மங்கும், ஒரு இனிப்பு வாசனை வரும்.

முள்ளைப் பாருங்கள், 0.8க்கு இறங்கிவிட்டது. வெளிக்கசிவாக இருந்தால் இந்நேரம் ஈரம் தெரிய வேண்டும்.

ஹெட் கேஸ்கெட்டா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. இந்தப் பழைய டீசல்களில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரில் காற்று அமுங்கும் விகிதம், 20க்கு 1 அளவில் இருக்கும், அதற்கு மேலும் போகும். கேஸ்கெட்டில் சிறு வழி கிடைத்தாலும் அந்த அழுத்தம் கூலன்ட்டுக்குள் புகுந்துவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், இன்னும் சூடே ஏறாத நேரத்தில், மேல் ஹோஸ் கல் மாதிரி ஆகும், குமிழிகள் நிற்காமல் வரும். நேற்று பார்த்தேன், இரண்டும் இல்லை. நீலத் திரவச் சோதனையும் செய்தேன். எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோலுக்கு மஞ்சளாகவும் டீசலுக்குப் பச்சையாகவும் மாறும். நீலமாகவே இருந்தது. எண்ணெய் அளவுக்கோலில் பால் நிறம் இல்லை. கூலன்ட்டின் மேல் எண்ணெயும் மிதக்கவில்லை. ஆயில் கூலர் உள்ளே ஓட்டையானால் ஓடும்போது எண்ணெய்தான் கூலன்ட்டுக்குள் போகும், எண்ணெயின் அழுத்தம் அதிகம் என்பதால்.

இனி எஞ்சினின் பின்பக்கம். டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வேண்டும். ஃபயர்வாலுக்கும், அதாவது எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்புக்கும், ஹெட்டுக்கும் நடுவில் கை போகவே இடம் இல்லை. கண்ணாடியைச் சாய்க்கிறேன்... இதோ! ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், ஹெட்டிலிருந்து வரும் இரும்புக் குழாயில் மாட்டியிருக்கும் இடம். கிளாம்ப்புக்கு அடியில் ஒரு பாசிமணி போல ஈரம் திரண்டு, ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து, நேராகப் பெல் ஹவுசிங்குக்குள் இறங்குகிறது. சுற்றிலும் வெள்ளைப் பொருக்கு.

கிளாம்ப் புதிது, ஹோஸும் புதிது. இறுக்கிப் பார்க்கிறேன். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினால் ஹோஸ்தான் வெட்டுப்படும். அழுத்தத்தை விட்டுவிட்டு, கீழே தட்டு வைத்து, கூலன்ட்டை வடித்து, ஹோஸைக் கழற்றுகிறேன். வடித்த தட்டைத் தரையில் விட்டுப் போகாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் கொஞ்சமே உயிரை எடுக்கும்.

கேமராவை நெருக்குகிறேன். குழாயின் முனை முழுக்கத் துருக்குழிகள். ரப்பர் இந்தக் குழிகளை மூடவே முடியாது, எத்தனை புது ஹோஸ் மாட்டினாலும். மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். இது ஆழம், குழாயையே மாற்ற வேண்டும். ஹெட்டில் இரண்டு போல்ட், ஒரு காகிதக் கேஸ்கெட், அவ்வளவுதான்.

கசிவை அடைக்கும் பொடியையோ திரவத்தையோ ஊற்றச் சொல்வார்கள். நான் ஊற்ற மாட்டேன். குழியை அடைக்கும் பொருள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். வண்டி ஆளில்லாத பாதையில் நிற்கும் நிலைமை வந்தால் தவிர, அது வேண்டாம்.

புதுக் குழாய் மாட்டியாயிற்று. கிளாம்ப், குழாய் முனையில் இருக்கும் மேட்டைத் தாண்டி ஹெட் பக்கமாக உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே அல்ல. மறுபடி 0.9 பார். இருபது நிமிடம் ஆகிறது, முள் அசையவில்லை. வண்டியின் மூக்கை உயரத்தில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்றினால் காற்று தானாக மேலே வரும். உள்ளே காற்று தங்கினால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், வெப்பமுள் சாதாரணமாகவே காட்டும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். கூலன்ட் குறைந்துபோன வண்டியிலும் இதேதான் நடக்கிறது, அதனால் முள்ளை நம்பி ஓட்டாதீர்கள். ஹெட் அலுமினியம் என்றால் வளையவோ வெடிக்கவோ அதிக நேரம் ஆகாது. சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் அதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு முறை நன்றாகச் சூடாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, கிளாம்ப்பை அரைத் திருப்பு இறுக்கிப் பாருங்கள். அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவைப் பார்த்து, குறைந்ததை நிரப்புங்கள். முதல் தடவை கொஞ்சம் குறையும், அது உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால்தான். இரண்டாவது தடவையும் குறைந்தால் டெஸ்டரை மறுபடி எடுங்கள்.