சாயமே இல்லாத நீலம்

ருத்ராட்சக் கொட்டையைப் பார்க்காதவர்கள் இந்த அரங்கத்தில் இருக்க மாட்டீர்கள், ஆனால் அது எந்தப் பழத்துக்குள்ளிருந்து வருகிறது, அந்தப் பழம் என்ன நிறம் என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பீர்கள். பளபளக்கும் நீலம். அதைப் பிழிந்து வேட்டியில் நீலக்கறை வைக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் அந்தத் தோலில் நீலச் சாயமே கிடையாது. தோலின் செல்களில் மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன, அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கிறது. 1991-இல் டேவிட் லீ என்ற தாவரவியலாளர் இதை விளக்கினார்.

இதைத்தான் கட்டமைப்பு நிறம் என்கிறோம். மயில் தோகையும் இந்தக் கதைதான். நம்ம திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் நோபல் வாங்கிய பிறகு, 1930களில், பனங்காடையின் இறகு ஏன் நீலமாக இருக்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அங்கேதான்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பிரிக்கக் காடுகளில் போலியா கண்டென்சேட்டா என்று ஒரு செடி. அதன் பழத்தில் சதைப்பற்று கிடையாது, பறவைக்குத் தின்ன ஒன்றுமில்லை, ஆனால் உலோகம் மாதிரி மின்னும். 1974-இல் கானாவில் பறித்து லண்டன் கியூ தோட்டத்தில் உலர்த்தி வைத்த பழங்கள் இன்னும் நிறம் மங்கவில்லை. சாயமாக இருந்தால் எப்போதோ வெளுத்திருக்கும். கேம்பிரிட்ஜில் சில்வியா விக்னோலினியும் மற்றவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளிக் கண்ணாடி திருப்பியனுப்பும் ஒளியில் சுமார் 30 சதவீதத்தை இந்தத் தோல் திருப்பியனுப்புகிறது என்று கண்டார்கள். இத்தனைக்கும் அது எதனால் ஆனது? செல்லுலோஸ். பருத்தி நூலிலும் காகிதத்திலும் இருக்கிற அதே பொருள்தான். செல்சுவரில் செல்லுலோஸ் இழைகள் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் திரும்பித் திரும்பி, சுழல் படிக்கட்டு போல ஏறுகின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் நிறத்தை முடிவு செய்கிறது, உயரம் குறைந்தால் நீலம், கூடினால் சிவப்புப் பக்கம் போகும்.

இதை நாமே செய்யலாமே என்றால், செய்யலாம். மரக்கூழையோ பருத்தியையோ கந்தக அமிலத்தில் போட்டால் ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத குச்சிகள் மிஞ்சும், அவைதான் செல்லுலோஸ் நானோ படிகங்கள். அவற்றைத் தண்ணீரில் கலந்து ஒரு தட்டில் ஊற்றி மெதுவாகக் காயவிடுங்கள், குச்சிகள் தாங்களாகவே அந்தச் சுழலில் அடுக்கிக்கொண்டு வண்ணப் படலமாகிவிடும். இந்தத் தானாக அடுக்கிக்கொள்ளும் சங்கதியைக் கனடாவில் 1992-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கொஞ்சம் உப்புச் சேர்த்தால் நீலம் பக்கம் நகரும், கேளா ஒலி அலையால் குலுக்கினால் சிவப்புப் பக்கம்.

தட்டில் செய்வது ஒன்று, தொழிற்சாலையில் செய்வது வேறு. 2021-இல் அதே கேம்பிரிட்ஜ் குழு, பெஞ்சமின் ட்ரோகே முன்னின்று, ஓடும் சுருளின்மேல் இந்தக் கரைசலைப் பூசி மீட்டர் கணக்கில் படலம் எடுத்து, சூடேற்றி, அரைத்து ஜிகினாப் பொடி செய்துகாட்டியது.

ஜிகினாவா, இதுக்கா இவ்வளவு என்று சிரிக்காதீர்கள். வழக்கமான ஜிகினா பிளாஸ்டிக்கும் அலுமினியமும்தான், முகத்தைக் கழுவினால் நேராகச் சாக்கடைக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பனையைத் தடுத்தது. ஒப்பனைப் பொருள்களில் மின்னும் இன்னொரு சரக்கு மைக்கா, அதைத் தோண்டும் ஜார்க்கண்ட் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை வெளிவந்த செய்தி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மக்கும் ஜிகினா" என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். நடுவில் செல்லுலோஸ், மேலே அலுமினியப் பூச்சு, அதற்கும் மேலே பிளாஸ்டிக் என்று விற்ற சரக்கும் உண்டு. குளத்து நீரில் வைத்துச் சோதித்தபோது பிளாஸ்டிக் ஜிகினாவைப் போலவே அதுவும் பாசியையும், நீரில் மிதக்கும் பாசிலை என்ற சிறு செடியின் வேர் வளர்ச்சியையும் பாதித்தது. மின்ன வைக்க உலோகமே தேவைப்படாததுதான் கட்டமைப்பு நிறத்தின் பெரிய லாபம்.

ஆனால் இதுவும் குறையில்லாத சரக்கு இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும், ஜிகினாவுக்கு அது அழகு, சுவர் பெயின்டுக்கு இடைஞ்சல். நாம் செய்யும் படலத்தில் சுழல் இடப்பக்கமாகவே திரும்புவதால் அந்தப் பக்கமாகச் சுழலும் ஒளியை மட்டுமே அது திருப்பியனுப்பும், ஒளியில் பாதிக்கு மேல் திருப்பியனுப்ப முடியாது, போலியா பழத்திலோ இடம் வலம் இரண்டு வகைச் செல்களும் கலந்திருக்கின்றன, அந்த வித்தை நமக்கு இன்னும் சுலபமாகக் கைவரவில்லை. சூடேற்றாத படலம் தண்ணீர் பட்டால் உப்பும், சுற்றின் உயரம் கூடும், நீலம் சிவப்பை நோக்கி நகரும். சிலர் இதையே ஈரப்பதம் காட்டும் கருவியாக்கப் பார்க்கிறார்கள், எனக்கென்னவோ பெயின்டைவிட இதுதான் முதலில் கடைக்கு வரும் என்று தோன்றுகிறது. சரி, கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.