கிளிப் போட்ட முதல் வாரம்

நேயர்களுக்கு வணக்கம். பல் சீரமைப்பு மருத்துவராகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். இன்று நான் பேச நினைத்தது ஒரே ஒரு வாரத்தைப் பற்றி. பல்லுக்குக் கிளிப் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்களே, அந்த முதல் வாரம்.

கிளிப் மாட்டும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பல்லின் மேல் பசை வைத்துச் சின்னச் சின்ன பிராக்கெட்டுகளை ஒட்டுகிறோம், அவற்றின் வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்துகிறோம். பிள்ளைகள் எழுந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். வலி வருவது அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான். மறுநாள்தான் உச்சம். மூன்றாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கும், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தக் கணக்கைக் கிளிப் மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். மறுநாள் வலி அதிகமாகத்தான் செய்யும் என்று தெரிந்திருந்தால் பிள்ளை தாங்கிக்கொள்ளும். தெரியாவிட்டால், ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று வீடே பதறும்.

ஒரு தாய் இரவில் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளுக்கு முதல் நாள்தான் கிளிப் போட்டிருந்தோம். "டாக்டர், முன்பல்லு ஆடுது. விரலால தொட்டாலே அசையுது. விழுந்துடுமா?" குரல் நடுங்கியது. பின்னால் அந்தப் பெண் அழுவதும் கேட்டது. "விழாதும்மா. ஆடினால்தான் நகரும்" என்றேன்.

அது ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை இல்லை. பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. சாப்பிடும்போது ஒரு தலைமுடி கடிபட்டால்கூட உடனே தெரிந்துவிடுகிறது அல்லவா? அப்படி உணர வைப்பது இந்தச் சவ்வுதான். கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் இந்தச் சவ்வு நசுங்குகிறது, அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது, வீக்கம் வருகிறது. நசுங்கிய பக்கத்தில் எலும்பு கரைகிறது, இழுபட்ட பக்கத்தில் புதிதாக வளர்கிறது. பல் நகர்வது இப்படித்தான், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கடித்தால் கூசுவதும், லேசாக ஆடுவதும் அந்த வேலையின் அடையாளங்கள்.

கம்பி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் முனைக்கு ஏற்ற உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலையும் டைட்டானியத்தையும் கலந்து ஒரு கலப்பு உலோகம் செய்தார். 1960-களின் தொடக்கத்தில் ஒரு கூட்டத்துக்கு அதில் ஒரு பட்டையை மடிப்பு மடிப்பாக மடித்துக் கொண்டுபோனார்கள். எத்தனை தடவை வளைத்தாலும் உடையாது என்று காட்டுவதற்காக. ஆளாளுக்கு வாங்கி வளைத்துப் பார்த்தார்கள். அதில் ஒருவர் புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரை அதன் அருகே கொண்டுபோனார். சூடு பட்டதும் மடிப்பெல்லாம் பிரிந்து பட்டை நேராக நீண்டுவிட்டது! 1970-களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசென் என்ற பல் மருத்துவர் இதே உலோகத்தைப் பல் கம்பியாக்கினார். பழைய எஃகுக் கம்பி மாட்டியதும் பலமாக அழுத்தும், பல் கொஞ்சம் நகர்ந்ததும் அதன் விசை மளமளவென்று குறைந்துவிடும். இது அப்படி இல்லை, மெதுவாக, ஒரே சீராக, வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், குளிர்ந்தால் இந்தக் கம்பி கொஞ்சம் இளகும், அதன் இழுவை குறையும். அதனால் வலி கூடும்போது குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் வைத்திருந்து பாருங்கள், கொஞ்ச நேரமாவது இதமாக இருக்கும். ஐஸைக் கடிக்க மட்டும் வேண்டாம், பிராக்கெட் பெயர்ந்துவிடும். வலி மாத்திரை தேவைப்பட்டால் எங்களில் பலர் முதலில் சொல்வது பாராசிட்டமால். இபுபுரோஃபென் போன்றவை வீக்கத்தைத் தணிக்கின்றன, ஆனால் பல் நகர்வதற்கே அந்த வீக்கம் கொஞ்சம் தேவைப்படுகிறது. ஓரிரு வேளை போட்டால் பாதகமில்லை, நாள்கணக்கில் வேண்டாம். வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இதுவரை சொன்னது பல்லுக்குள் இருக்கும் வலி. கன்னத்திலும் உதட்டிலும் உரசிப் புண்ணாவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உரசலுக்கு மாத்திரையை நம்பிப் பயனில்லை, பிராக்கெட்டின் மேல் ஒட்டுவதற்கென்றே இருக்கும் பல் மெழுகுதான் வேண்டும். மெழுகு ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று பலர் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் வைத்தால் ஒட்டாது. முதலில் கன்னத்தை விரலால் விலக்கிக்கொண்டு, அந்த பிராக்கெட்டை ஒரு டிஷ்யூவால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். சிறு பட்டாணி அளவு மெழுகைக் கிள்ளி, விரல் சூட்டில் உருட்டி, பிராக்கெட்டின் மேல் வைத்து அழுத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் உலர்த்துங்கள். சாப்பிடும் முன் எடுத்துவிட்டு, பிறகு புதிதாக வையுங்கள். தவறி விழுங்கினாலும் பயப்பட வேண்டாம். புண் இருந்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். போகப்போக உதட்டின் உள்பக்கம் கிளிப்புக்குப் பழகிவிடும், புண் வருவதும் குறைந்துவிடும்.

எச்சில் அதிகமாக ஊறும், ச, ஸ எழுத்துகள் சில நாள் குழறும். வாய்விட்டுச் சத்தமாகப் படித்தால் சீக்கிரம் சரியாகிவிடும். முன்பல்லால் கடித்து இழுக்காமல், சின்னத் துண்டாக்கிக் கடைவாய்க்கு அனுப்பி மெதுவாக மெல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். பல் துலக்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வலிக்கிறது என்று அந்த வாரம் துலக்காமல் இருந்துவிடாதீர்கள். மென்மையான பிரஷால் கம்பிக்கு மேலேயும் கீழேயும் தேயுங்கள். அப்புறம், கம்பியின் நுனி கடைவாயில் குத்தினால் நீங்களே வெட்டப் பார்க்காதீர்கள், மெழுகால் மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வலி ஒரு வாரம் தாண்டியும் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, முகம் வீங்கினாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வணக்கம்.