அந்தரங்கத்துக்கு மாதச் சந்தா

நேயர்களுக்கு வணக்கம்.

விடியற்காலையில் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்தின் இடுக்கியிலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்லும் பெண்களில் பலரிடம் இன்று கைபேசி இருக்கிறது. அவர்களில் ஒருவர், எங்கள் தெருக்காரர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகைக் கடன் வட்டி எவ்வளவு என்று ஒரே ஒருமுறை தேடிப் பார்த்தார். அதன் பிறகு பல நாள்கள், சமூக ஊடகத்தைத் திறந்தபோதெல்லாம் கடன் விளம்பரங்களே வந்தன. தோட்டத்தில் இருக்கும்போது மலையாளத்தில், வீடு திரும்பினால் தமிழில். "யார்கிட்டயும் சொல்லலையே சார், இதுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் இருந்தது வியப்பு அல்ல, கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்கு ஐரோப்பாவில் ஒரு விலை வைத்தார்கள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம், 2023 நவம்பரில், உங்கள் தகவல்களைக் கொண்டு விளம்பரம் காட்டச் சம்மதியுங்கள், இல்லையென்றால் மாதச் சந்தா கட்டி விளம்பரமின்றிப் பயன்படுத்துங்கள் என்று அங்குள்ள பயனர்களிடம் சொன்னது. இணையதளம் வழியே 9.99 யூரோ, கைபேசிச் செயலி வழியே 12.99 யூரோ, ஓராண்டுக்குப் பின் இவை 5.99, 7.99 எனக் குறைந்தன. குறைந்த தொகையே நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஏலக்காய் எடுக்கும் பெண்ணுக்கு அது ஏறத்தாழ ஒரு நாள் உழைப்பு. சந்தா கட்டினாலும் தகவல் சேகரிப்பு நின்றுவிடுவதில்லை, விளம்பரத்துக்கு அது பயன்படாது என்பது மட்டுமே வாக்குறுதி என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

2025 ஏப்ரலில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதற்காக அந்த நிறுவனத்துக்கு 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. குறைவான தனித்தகவலைப் பயன்படுத்தும், மற்றபடி அதே தரமுள்ள சேவையைப் பயனருக்குத் தேர்ந்தெடுக்கக் கொடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டின் சாரம். எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. பணம் அல்லது அந்தரங்கம் என்று இரண்டு கதவுகளை மட்டும் காட்டும்போது, மூன்றாவது கதவு மறைக்கப்படுகிறது.

அந்த மூன்றாவது கதவு புதியதும் அல்ல. வானொலியில் வேளாண் நிகழ்ச்சியை ஒட்டி உர விளம்பரம் வரும். அதைக் கொடுத்த நிறுவனத்துக்கு, கேட்பவர்களில் விவசாயிகள் இருப்பார்கள் என்று தெரிந்தால் போதும்; யாருக்கு எவ்வளவு கடன், யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்பதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. ஏலக்காய் விலை நிலவரத்தைக் கைபேசியில் படிப்பவருக்கு அந்தப் பக்கத்திலேயே தோட்டக் கருவிகளின் விளம்பரத்தைக் காட்டுவதும் அப்படித்தான்: படிக்கும் பொருளை வைத்து வரும் விளம்பரம் அது, படிக்கும் ஆளை வேவு பார்த்து வருவதன்று. இதில் நிறுவனத்தின் வருமானம் குறையலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தக் குறைவை ஈடுகட்டும் பொறுப்பை, கடன் தேடிய தாயின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பணம் கட்டாவிட்டால் தகவலைக் கொடு என்று கேட்டு வாங்கும் ஒப்புதல் எப்படி நிபந்தனையற்றதாகும்? 2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியாகியுள்ளன. ஒப்புதல் தொடர்பான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. இப்படியொரு சந்தா இங்கே வருவதற்கு முன்பே இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு அதே சட்டத்தில் இன்னொரு வரியும் முக்கியம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும். இடுக்கியின் வண்டன்மேட்டில் நின்று கைபேசியைத் திறக்கும் தமிழ்ப் பெண், மலையாளமோ ஆங்கிலமோ புரியாமல் 'சரி' என்ற பொத்தானைத் தொட வேண்டியதில்லை. தமிழில் காட்டு என்று கேட்க அவருக்கு உரிமை வருகிறது. எங்கள் தெருக்காரரிடம் இதைச் சொன்னபோது, ஜீப்பில் வரும் மற்றவர்களுக்கும் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.