சென்னை கண்டெடுத்த 'ஆசியா'
(அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மாலையிலிருந்து நமக்காகக் காத்திருந்த மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவைத்த பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, என் அன்புக்குரிய மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சூரியனைச் சுற்றிவரும் சிறிய பாறைப் பொருளான சிறுகோள் ஒன்றைக் கண்டுபிடித்த கதை, அதற்குப் பெயர் வைத்த கதை, அதன் சுற்றுப்பாதை என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். 

1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வு நிலையத்தில் நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் தொலைநோக்கியில் கண் வைத்திருக்கிறார். பக்கத்தில் விண்மீன் வரைபடம். படத்தில் இல்லாத ஒரு புள்ளி வானத்தில் தெரிகிறது. பார்வைக்கு அதுவும் விண்மீன்தான். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்களே, வானியல் முழுக்க அந்த ஒரு வரிக்குள் அடக்கம். அடுத்தடுத்த இரவுகளில் பார்த்து, மற்ற விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்க அது மட்டும் நகர்ந்திருந்தால்தான் சிறுகோள். நகர்ந்திருந்தது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்று பெயர். வரிசை எண் 67. பெயரைப் பற்றி இவ்வளவு போதும்.

தீர விசாரிக்காமல் போனால் என்ன ஆகும்? அதே போக்சன் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது, கேளுங்கள். பீலா என்றொரு வால்மீன். 1846இல் இரண்டாக உடைந்தது, 1852க்குப் பிறகு கண்ணிலேயே படவில்லை. 1872 நவம்பர் 27ஆம் தேதி இரவு, ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாய்ப் பொழிந்தன. பீலாவின் பாதையிலிருந்து வந்த துகள்கள் அவை. ஜெர்மனியில் கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர் கணக்குப் போட்டார். பூமியைக் கடந்துபோன பொருள் தென்வானத்தில்தான் தெரியும், அங்கிருந்து பார்க்க முடியாது. யாரிடம் கேட்பது? நம் சென்னைக்குத் தந்தி அடித்தார்! "பீலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி என்ற விண்மீன் அருகே தேடுங்கள்." கடல் கடந்து வந்த தந்தியை வைத்துக்கொண்டு போக்சன் விடியலுக்கு முன் தேடினார். டிசம்பர் 2, 3 தேதிகளில் அங்கே ஒரு வால்மீன் கிடைத்தேவிட்டது! மூன்றாவது முறை பார்க்கவேண்டும். சென்னையில் டிசம்பர் மாதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மேகம், மழை. வானம் வெளுத்தபோது வால்மீன் போய்விட்டது. சுற்றுப்பாதையைக் கணக்கிட மூன்று இடங்களாவது வேண்டும், இரண்டு போதாது. அதனால் அவர் பார்த்தது எந்த வால்மீன் என்பதை உறுதியாகச் சொல்ல வழியில்லாமலே போயிற்று. தந்தி வந்தது, காதால் கேட்டார். வால்மீன் வந்தது, கண்ணால் கண்டார். தீர விசாரிக்கத்தான் வானம் இடம் கொடுக்கவில்லை.

'ஆசியா' விஷயத்தில் இடம் கொடுத்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில், சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவைப்போல் சராசரியாக 2.42 மடங்கு தள்ளி, ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுக்கு ஒருமுறை அது சூரியனைச் சுற்றுகிறது. நீள்வட்டப் பாதை, கிட்டே வந்தால் ஏறக்குறைய 2 மடங்கு, எட்டப் போனால் 2.9 மடங்கு. போக்சன் சென்னையில் கண்ட இன்னொரு சிறுகோள் சில்வியாவுக்கு இரண்டு நிலாக்கள் உண்டு. அதைப் பேசத் தொடங்கினால் இரவாகிவிடும்.

அதே நிலையத்தில் போக்சனுக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் ஊர்க்காரர். கருவி கைக்கு எட்டியது, கண்டுபிடித்தார். இதைத்தான் பள்ளி பள்ளியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அரசுப் பள்ளிக்கு ஒரு தொலைநோக்கி வேண்டும். பாடப்புத்தகத்தில் சனிக்கோளின் வளையத்தைப் படமாகப் பார்க்கும் பிள்ளை, அதை வானத்தில் பார்க்க வேண்டாமா? ஆய்வகத்தில் பீரோவுக்குள் பூட்டிவைக்கும் தொலைநோக்கி வேண்டாம். மைதானத்தில் நிறுத்தி, பிள்ளைகளே திருப்பிப் பார்க்கும் தொலைநோக்கி வேண்டும்.

தலைவர் அவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். ஊராட்சி நிதியிலோ நன்கொடையிலோ இந்தப் பள்ளிக்கு அதை வாங்கித் தாருங்கள். வாங்கியபின், மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி முதல் ஒன்பது மணிவரை மைதானத்து உயர்கோபுர விளக்கை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். கல்வி அலுவலர் ஐயா, அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிள்ளைகள் வந்துபோக நீங்கள் அனுமதி தரவேண்டும். விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன், மேடையிலேயே கொடுத்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.