ஓனர் உங்க வீட்டைப் பூட்டிட்டாரா? ஆறு மாசக் கெடுவை விட்டுடாதீங்க

[திரையில்: வாடகை வீட்டுக் கதவு, பழைய பூட்டுக்கு மேல ஒரு புதுப் பூட்டு]

ஆபீஸ் முடிஞ்சு வந்தா கதவுல ஓனர் போட்ட புதுப் பூட்டு. ஸ்டேஷனுக்குப் போனா, "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிடுவாங்க. அது பாதிதான் சரி.

தமிழ்நாட்டுல வாடகை பாக்கி இருந்தாலும், ஒப்பந்தக் காலம் முடிஞ்சிருந்தாலும், ஓனர் தானா உங்களை வெளியேத்த முடியாது. 2019 பிப்ரவரி 22-ல நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்றத்துல மனு போட்டு உத்தரவு வாங்கித்தான் காலி பண்ண வைக்கணும்.

முதல்ல, பூட்டை உடைக்காதீங்க. உடைச்சா, "உள்ள இருந்த என் பொருளைக் காணோம்"னு உங்க மேலயே புகார் வரும். பூட்டை வீடியோ எடுங்க, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுங்க, உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியல் எழுதுங்க. அன்னைக்கே ஸ்டேஷன்ல எழுத்துல புகார் கொடுத்து, புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. புகார்ல அட்வான்ஸ் சண்டை, பழைய கதை எதுவும் வேண்டாம். எத்தனை மணிக்குப் பூட்டினாரு, உள்ள மாத்திரை, சான்றிதழ் என்ன மாட்டிக்கிச்சு, இது போதும். வாடகைத் தகராறா எழுதினா சிவில்னு ஒதுக்கிடுவாங்க. நீங்க குடியிருக்கிற வீட்டுக்குள்ள போக விடாம தடுக்கிறது, ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 126-வது பிரிவுப்படி குற்றம்.

[திரையில்: குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், பிரிவு 6]

அடுத்து கோர்ட். 1963-ம் வருஷச் சட்டத்தோட இந்த ஆறாவது பிரிவு, சட்ட வழியில்லாம வெளியேத்தப்பட்டவர் மறுபடி உள்ள போறதுக்கான வழக்கு. வீடு யாருக்குச் சொந்தம்ங்கிற கேள்வியே இங்க வராது. ஆனா வெளியேத்தின நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போடணும். நிறையப் பேர் கோட்டை விடுறது இங்கதான். "பேசி முடிச்சுக்கலாம்"னு ஓனர் இழுப்பாரு, கெடு ஓடிடும். பேசுங்க, வேண்டாம்னு சொல்லல. பேசும்போதே வழக்கும் கோர்ட்ல இருக்கட்டும்.

ஓனர் தரப்பு சொல்ற பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்: "அவரே காலி பண்ணிட்டுப் போயிட்டாரு." அதனால, அந்த வாரம் வரைக்கும் நீங்க அங்க இருந்தீங்கன்னு காட்டணும். சிலிண்டர் டெலிவரி பில், கரண்ட் பில் கட்டின ரசீது, வாடகை போன வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் உதவும். வாட்ஸ்அப் மெசேஜை வெறுமனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தா போதாது. மின்னணு ஆதாரத்துக்குத் தேவையான பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுச் சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கணும். பூட்டு இருக்கிற நிலையை நேர்ல பார்த்து அறிக்கை தர, வழக்கோடவே அட்வகேட் கமிஷனர், அதாவது கோர்ட் நியமிக்கிற ஒரு வக்கீலைக் கேட்டு ஒரு மனு போடச் சொல்லி உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க.

"பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு எதுக்கு?"ன்னு ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. முன்னாடி சொன்ன 2019 வாடகைச் சட்டத்துல எத்தனை மாசமானாலும், அந்தச் சட்டப்படி நியமிச்ச வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். பண்ணாத அக்ரிமென்ட்டைச் சாட்சியமா ஏத்துக்கிறதுல சிக்கல் வரும். ஆறாவது பிரிவு வழக்குல முக்கியமா பார்க்கிறது நீங்க குடியிருந்தீங்களாங்கிறதை. அதனால அக்ரிமென்ட் பதிவு ஆகலயேன்னு வழக்கைக் கைவிட வேண்டாம்.

பூட்டு இன்னும் விழல, மிரட்டல் மட்டும்தான்னா, சட்டப்படி அல்லாம வெளியேத்தக் கூடாதுன்னு தடை உத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். தண்ணியையோ கரண்டையோ நிறுத்தினா வழி வேற: வாடகைச் சட்டத்தோட 20-வது பிரிவுல வாடகை அதிகாரிகிட்ட மனு. விசாரணை முடியுறதுக்கு முன்னாடியே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

இதுக்கு நடுவுல கோவத்துல வாடகையை நிறுத்திடாதீங்க. ரெண்டு மாச பாக்கி, உங்களைக் காலி பண்ணச் சொல்ல ஓனருக்குச் சட்டமே கொடுக்கிற காரணம். வாங்க மறுத்தா மணியார்டர்லயோ வங்கி மூலமாவோ அனுப்புங்க. தொடர்ந்து ரெண்டு மாசம் மறுத்தா வாடகை அதிகாரிகிட்டயே கட்டலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? தாலுகா கோர்ட் வளாகத்துலயே இருக்கிற சட்டப் பணிகள் குழுவைப் பாருங்க. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க இலவச வக்கீல் கேட்கலாம்.