கொப்புளம் ஏன் தாமதமாக ஆறியது?

தாய்மார்களே, நண்பர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணவனும் மனைவியுமாக இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். ரொனால்ட் கிளேசர், ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர். 42 தம்பதிகளை ஆஸ்பத்திரியில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் தங்கவைத்து, முன்கையில் உறிஞ்சுகருவியால் சின்னச் சின்னக் கொப்புளங்களை எழுப்பினார்கள். முதல்முறை வந்தபோது, ஒருவருக்கொருவர் ஆதரவாகப் பேசச் சொன்னார்கள். அடுத்தமுறை, வீட்டில் எதற்குச் சண்டை வருமோ அதையே பேசச் சொன்னார்கள். அரைமணி நேரம்தான். அதற்கே புண் ஆற ஒரு நாள் கூடுதலாகப் பிடித்தது. எப்போதுமே எரிந்துவிழும் தம்பதிகளுக்கு, மற்றவர்களுக்கு ஆறும் வேகத்தில் 60 சதவீதம்தான் ஆறியது. 2005-இல் வெளியான ஆய்வு இது.

காரணம் உடம்புக்குள்ளே இருக்கிறது. புண்ணை ஆற்ற உதவும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் புண் இருக்கும் இடத்தில் குறைந்துபோயின. எரிந்துவிழுகிறவர்களுக்கோ மறுநாள் காலை ரத்தத்தில் அவை ஏறிக் கிடந்தன. அங்கே அவை நெடுநாள் கூடுதலாக இருந்தால் இதயத்துக்கு ஆகாது. பிரிட்டன் அரசு ஊழியர்கள் சுமார் 9,000 பேரைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நெருங்கிய உறவில் கசப்பு அதிகம் இருந்தவர்களுக்கு இதயநோய் 34 சதவீதம் கூடுதல்.

வீட்டில் நிம்மதி இல்லை என்று ஒரு பெண் சொன்னால் நாம் என்ன கேட்கிறோம்? "அடிச்சானா? குடிச்சானா?" இல்லை என்றால், "அப்புறம் என்னம்மா, குடும்பம்னா அப்படித்தான்." குத்திப் பேசுவதையும், நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பதையும் நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. எனக்கு இதில் மனசு ஆறவே இல்லை.

நான் நர்ஸாக இருந்தவள். பிரஷர் பார்க்க ஒரு அம்மா மாதாமாதம் வருவார். கூடவே கணவர். நான் கேட்பதற்கெல்லாம் அவர்தான் பதில் சொல்வார். "உப்பைக் குறைன்னா கேக்கமாட்டா சிஸ்டர், இவளுக்கு எதுவும் புரியாது." அந்த அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். மருந்தை இரண்டு தடவை கூட்டியாகிவிட்டது. அன்றைக்கும் 168.

மருந்துச் சீட்டைக் கொடுத்துக் கணவரைக் கீழே அனுப்பினேன். வரிசை நீளம். இருபது நிமிடம் அந்த அம்மாவைச் சும்மா உட்காரவைத்து, மறுபடியும் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன். 142.

நோட்டில் இரண்டையும் எழுதினேன். இரண்டாவதுக்குப் பக்கத்தில், 'தனியாக இருந்தபோது' என்று குறித்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "வீட்ல எப்படிம்மா இருக்கீங்க?" என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டார்.